இடது காதில் மட்டும் கேட்ட ரீங்காரம்

ஹெட்ஃபோனுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் வால்வு ஆம்ப் (பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபையர்) வாங்கி இரண்டாவது வாரம். நள்ளிரவு, வீடே அடங்கிவிட்டது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் வரும் அந்தச் சின்ன மௌனத்தில் ஏதோ ஓர் ஓசை கேட்டது. வெளியே எங்கோ மோட்டார் ஓடுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஹெட்ஃபோனைக் கழற்றினேன், நின்றது. மாட்டினேன், திரும்பவும் வந்தது. இடது காதில் கொஞ்சம் கரகரப்பாக, வலது காதில் மெல்லியதாக. அந்த ஓசையைத் துரத்திக்கொண்டு போன ஒரு மாதத்தில் ஆம்ப் பற்றிக் கற்றுக்கொண்டது, அதற்கு முன் ஐந்து வருடம் மதிப்புரைகளைப் படித்துக் கற்றதைவிட அதிகம். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு ஆம்ப். ஒன்று ஓ.டி.எல். வகை, அதாவது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வால்வு ஆம்ப். உள்ளே 12ஏயூ7, 6080 என்று இரண்டு வால்வு. இன்னொன்று டிரான்சிஸ்டர் ஆம்ப், நிறைய பவர் தரக்கூடியது. ஹெட்ஃபோனும் இரண்டு: 300 ஓம் சென்ஹைசர் எச்.டி. 650, அப்புறம் 60 ஓம் ஹைஃபைமேன் சுஸ்வாரா. கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியாக டி.ஏ.சி. (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றும் பெட்டி), அதிலிருந்து இரண்டு ஆம்புக்கும் அந்தச் சிக்னலைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. கேபிள்.

முதல் வாரம் முழுக்க வீணாய்ப் போனது. காரணம், எனக்குக் கேட்டது ஒரே ஓசை என்று நினைத்துக்கொண்டதுதான். அவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது இருந்துகொண்டே இருக்கும், ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று சரிசெய்ததையும் பழையபடி மாற்றி வைத்துவிடுவேன்.

பிரித்துக் காட்டியது வால்யூம் குமிழ்தான். பாட்டை நிறுத்திவிட்டுக் குமிழை மெதுவாகத் திருகிப் பார்த்தேன். இரண்டு காதிலும் கேட்ட மெல்லிய ஹம் குமிழோடு சேர்ந்து ஏறியது. இடது காதின் கரகரப்பு மட்டும் எங்கே திருகினாலும் அப்படியே இருந்தது. குமிழோடு ஏறினால் அந்த ஓசை குமிழுக்கு முன்பாகவே உள்ளே நுழைகிறது, அதாவது கேபிள், டி.ஏ.சி., கணினிப் பக்கம். ஏறாமல் நின்றால் குமிழுக்குப் பின்னால், ஆம்பின் வயிற்றுக்குள். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

குமிழோடு ஏறியது எர்த் லூப். கணினிக்கு எர்த் உண்டு, இரண்டு ஆம்புக்கும் எர்த் உண்டு, யு.எஸ்.பி., ஆர்.சி.ஏ. கேபிள்களின் உறை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வளையமாக்கிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் ஹம்மாகக் கேட்கிறது. யு.எஸ்.பி.யை எடுத்துவிட்டு ஆப்டிகல் கேபிள் போட்டேன். கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, அந்த இழையில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது. முக்கால்வாசி ஹம் போய்விட்டது. இரண்டு ஆம்பையும் டி.ஏ.சி.யையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டியதும் மிச்சமும் அடங்கியது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எர்த் பின்னை உடைத்துவிட்டால் ஹம் போய்விடும் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹம் போகும், உண்மைதான். நாளைக்கு உள்ளே ஒரு ஒயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால் காப்பாற்ற எதுவும் இருக்காது. தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு பொருளோடு இணைந்திருக்கிற பெட்டி அது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

இடது காதுக்கு வருகிறேன். எச்.டி. 650-இல் இரண்டு காதுக்கும் கேபிள் தனித்தனியாகக் கழலும். இடது வலதை மாற்றிச் செருகினேன், கரகரப்பு வலது காதுக்குப் போனது. அப்படியானால் ஹெட்ஃபோனில் குறை இல்லை. கேபிளைப் பழையபடி வைத்துவிட்டு ஆம்பின் பின்னால் ஆர்.சி.ஏ. இரண்டையும் இடம் மாற்றினேன், ஓசை இடதிலேயே நின்றது. டி.ஏ.சி.யும் தப்பித்தது. வேறு 12ஏயூ7 போட்டுப் பார்த்தேன், வேறு 6080 போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. பிறகு இன்னொரு ஆம்பில் 100 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, இதனோடு காதால் ஒப்பிட்டேன். சுருதி அச்சாகப் பொருந்தியது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக இருந்தால் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் முழு அலைத் திருத்தத்துக்குப் பிறகு மிஞ்சும் அலை 100 ஹெர்ட்ஸ், 60 ஆக இருந்தால் 120. ஆகவே சந்தேகம் பவர் சப்ளை மேல் போனது.

இதற்கு மேல் நான் கை வைக்கவில்லை. வால்வு ஆம்பின் கெபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயிரைப் பறிக்கும் வோல்டேஜைத் தேக்கி வைத்திருக்கும். பழைய ரேடியோக்களைப் பழுது பார்த்துப் பழுத்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். பார்த்ததும் கேட்டார்: “தம்பி, நீங்க இதைத் திறந்தீங்களா?” இல்லை என்றதும் முகத்தில் ஒரு நிம்மதி. ஆம்பை ஓடவிட்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு கையும் உள்ளே இருந்தால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கைக்கு இறங்கும், அதற்காகவாம். வலது கையில் காய்ந்த மரக்குச்சி. ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக்கொண்டே வந்தார். அந்த 100 ஹெர்ட்ஸ் அலையை வடிகட்ட வேண்டிய, இடது சேனலின் ஃபில்டர் கெபாசிட்டர் எர்த்தில் சேரும் இடத்தைத் தொட்டதும் கரகரப்பு நின்றது, குச்சியை எடுத்ததும் திரும்பியது. டிரை சால்டர். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது, ஈயம் உள்ளே பிடிக்கவில்லை. ஆம்பை அணைத்து, ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கெபாசிட்டரை வடித்து, மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பற்றவைத்தார். அந்த வேலை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அன்றிரவு அந்த மௌனத்தைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓசையே இல்லாத ஒரு பின்னணியிலிருந்து தம்புரா எழும்பி வருவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, ஆம்ப் இரண்டும் நலமான பிறகுதான் ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது. எல்லோரும் சொல்வதைத்தான் நானும் கேட்டேன்: வால்வில் பேஸ் நிறைவாக, குரல் கதகதப்பாக. டிரான்சிஸ்டரில் எல்லாம் தெளிவு, கொஞ்சம் வறட்சி. பல வருடம் இதை ஆம்பின் ‘குணம்’ என்று நம்பிவந்தேன். இப்போது மல்டிமீட்டர் கையில் இருந்ததால் அளந்து பார்க்கத் தோன்றியது. 400 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, ஹெட்ஃபோனை மாட்டியபடியே அதன் முனைகளில் வோல்டேஜ் பார்த்தேன். (சாதாரண மீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டக்கூடும், அதனால்தான் 400.) நான் காதால் ‘சமம்’ என்று வைத்திருந்த இடத்தில் வால்வு ஆம்ப் ஒரு டெசிபெல்லுக்கு மேல் உரக்க இருந்தது. கொஞ்சம் உரக்க ஒலிப்பது நம் காதுக்கு உரப்பாகத் தெரியாது, நயமாகத் தெரியும். ஒப்பீட்டில் விழும் பெரிய குழி இதுதான். வித்தியாசம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்க வேண்டுமானால், ஒன்றில் 500 மில்லிவோல்ட் இருக்கும்போது மற்றதில் 494-க்கும் 506-க்கும் நடுவே இருக்க வேண்டும்.

அப்படிச் சமன் செய்த பிறகும் எச்.டி. 650-இல் வித்தியாசம் கேட்டது. குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. நண்பர் ஒருவர் நாணயம் சுண்டி ஆம்பை மாற்ற, எது ஓடுகிறது என்று தெரியாமல் 16 முறை கேட்டேன். 14 முறை சரியாகச் சொன்னேன். குருட்டாம்போக்கில் 14-ஓ அதற்கு மேலோ வருவதற்கான வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுதான்.

காரணம் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது ஆம்பிலிருந்து வெளியேறும் சிக்னலுக்கு ஆம்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை. என் வால்வு ஆம்புக்கு அது சுமார் 120 ஓம், டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஒரு ஓமுக்கும் கீழே. எச்.டி. 650-க்கு 300 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 300 இல்லை. பேஸ் பகுதியில், 100 ஹெர்ட்ஸை ஒட்டி, கிட்டத்தட்ட 500 ஓம் வரை ஏறும். 120 ஓமோடு தொடராக இருக்கும்போது, 300 ஓம் இருக்கிற இடத்தில் 2.9 டெசிபெல் இழப்பு, 500 ஓம் இருக்கிற இடத்தில் 1.9 டெசிபெல் மட்டும். ஆக பேஸ் ஒரு டெசிபெல் தூக்கி நிற்கிறது. நான் கதகதப்பு என்று நினைத்தது பெரும்பாலும் இந்த ஒரு டெசிபெல்தான்.

இதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரு ஜாக்குக்குள் இடது வலது இரண்டுக்கும் 120 ஓம் ரெசிஸ்டரைப் பற்றவைத்து, டிரான்சிஸ்டர் ஆம்புக்கும் எச்.டி. 650-க்கும் நடுவே போட்டேன். மறுபடி வோல்டேஜைச் சமன் செய்து, மறுபடி நாணயம், மறுபடி 16 முறை. இம்முறை 9 சரி. பூவா தலையா போட்டுச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். வால்வின் சூட்டில் இருப்பதாக நான் நினைத்த பாதி மாயம் இரண்டு ரெசிஸ்டரில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஏமாற்றமா என்றால் இல்லை, எனக்கு அது பெரிய மகிழ்ச்சி. பிடித்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது.

சுஸ்வாராவில் கதை வேறு. அது பிளேனார் வகை (தட்டையான மெல்லிய சவ்வு முழுவதும் அதிர்ந்து ஒலிப்பது), இம்பிடன்ஸ் மேடு பள்ளம் இல்லாமல் சமதளமாக 60 ஓம். அதனால் 120 ஓம் ஆம்பில் போட்டாலும் பேஸ் தூக்காது, ஒட்டுமொத்தமாக 9.5 டெசிபெல் வோல்டேஜ்தான் காணாமல் போகும். அதோடு, அதன் உணர்திறன் ஒரு மில்லிவாட்டுக்கு 83 டெசிபெல் மட்டுமே. உச்சத்தில் 110 டெசிபெல் வர வேண்டுமானால் அரை வாட், அதாவது ஏறக்குறைய 5.5 வோல்ட், 91 மில்லியாம்ப் வேண்டும். அதே உரப்புக்கு எச்.டி. 650 கேட்பது 2.2 வோல்ட், ஏழெட்டு மில்லியாம்ப். ஓ.டி.எல். ஆம்பால் இரண்டாவதைச் சுகமாகத் தர முடியும், முதலாவதை முடியவே முடியாது. மிருதங்கம் வேகமெடுக்கும் இடத்தில் வால்வு ஆம்ப் மூச்சு வாங்குவது தெளிவாகவே கேட்டது. சோதனைகூடத் தேவைப்படவில்லை. ஆகவே ‘எந்த ஆம்ப் நல்லது’ என்று யாராவது கேட்டால், ‘எந்த ஹெட்ஃபோனுக்கு’ என்று திருப்பிக் கேட்காமல் நான் இப்போது வாயைத் திறப்பதில்லை.

நண்பருக்கு நேர்ந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது பணத்தையும் மனதையும் சேர்த்து எரித்த சம்பவம். அவர் ஆம்பில் பேலன்ஸ்டு அவுட்புட் உண்டு, நான்கு பின் எக்ஸ்.எல்.ஆர். அவருடைய பழைய ஹெட்ஃபோனில் 6.35 மி.மீ. பிளக். நடுவே மாட்ட ஒரு அடாப்டர் வாங்கினார். மாட்டிய சில நொடிகளில் ஒரு சேனல் போய்விட்டது. பேலன்ஸ்டு ஆம்பில் ‘மைனஸ்’ என்று எழுதியிருக்கும் பின் எர்த் இல்லை, அதுவும் சிக்னலை எதிர்த் திசையில் ஓட்டும் இன்னொரு ஆம்ப்தான். சாதாரண பிளக்கில் இடது மைனஸும் வலது மைனஸும் ஒரே உலோகத்தில் சேர்கின்றன. ஆக இரண்டு ஆம்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். பேலன்ஸ்டு கேபிளைச் சாதாரண ஆம்பில் அடாப்டர் போட்டு மாட்டலாம், பாதகமில்லை. தலைகீழாகச் செய்யவே கூடாது. அடாப்டரின் மேல் அப்படி ஓர் எச்சரிக்கை வரிகூட இல்லை என்பது எனக்கு இன்னும் கோபம்.

பழைய ஆம்ப் வாங்குபவர்களுக்கு ஒன்று. ஹெட்ஃபோனை மாட்டுவதற்கு முன் அவுட்புட்டில் டி.சி. வோல்டேஜ் பாருங்கள். நான் இரவல் வாங்கிய ஒன்றில் வலது பக்கம் 180 மில்லிவோல்ட் இருந்தது. 32 ஓம் ஹெட்ஃபோனில் அது 5.6 மில்லியாம்ப், பாட்டே ஓடாதபோதும் டயஃப்ரமை, அதாவது ஒலியெழுப்பும் சவ்வை, ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நான் யோசிப்பதில்லை. ஐம்பதைத் தாண்டினால் மாட்டுவதில்லை.

குறைந்த வால்யூமில் பாட்டு ஒரு பக்கம் சாய்ந்தால் உடனே பழுது என்று பயப்பட வேண்டாம், பல வால்யூம் குமிழ்களுக்கு அடிப்பகுதியில் இரண்டு சேனலும் ஒத்துப்போகாது. கெயினை, அதாவது ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை, குறைத்துவிட்டுக் குமிழை மேலே கொண்டுபோனால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது வால்வு ஆம்பில் எச்.டி. 650, டிரான்சிஸ்டரில் சுஸ்வாரா என்று நிலையாக வைத்துவிட்டேன். ரெசிஸ்டர் பற்றவைத்த அந்த ஜாக் மேசை மேலேயே இருக்கிறது. பேயர்டைனமிக் டி.டி. 880-இன் 600 ஓம் வகை யாரிடமாவது இருந்தால், 120 ஓம் போட்டும் போடாமலும் வோல்டேஜைச் சமன் செய்து 16 முறை கேட்டுப் பார்த்து எத்தனை சரி என்று எழுதுங்கள். 600 ஓமுக்கு முன் 120 ஓம் சின்னது என்பதால் வித்தியாசம் மிகக் குறைவாகத்தான் வர வேண்டும் என்பது என் கணக்கு, ஆனால் அந்த ஹெட்ஃபோன் என்னிடம் இல்லை.