புதுப்பிப்பு: காது கேளாதோருடன் 'மொழி' திரையிடல், வசனவரிச் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 'மொழி' (2007) படத்துக்கு நாங்களே தட்டிய தமிழ் வசனவரி விஎல்சி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது என்று கேட்டிருந்தேன். கோப்பை யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்துகளுக்கும் இடம் தரும் குறியாக்கம்) ஆகச் சேமித்தது மட்டும் போதவில்லை. எழுத்துருவையும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றச் சொன்னார் ஒருவர், அதில்தான் சரியானது. கதவு தட்டும் ஒலி, இசை எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்தோம்.

எதிர்பாராதது விளக்கு. படம் முடிந்து பேசும்போது கூடம் அரையிருட்டு. சைகைமொழி பெயர்ப்பாளரின் கையே தெரியவில்லை! பக்கத்து வீட்டு மேசை விளக்கு காப்பாற்றியது. அப்புறம் ஓர் அக்கா சைகையில் கேட்டார்: “காது கேளாத பெண்ணாக ஜோதிகா நன்றாகத்தான் நடித்திருக்கிறார். ஆனால் அவருக்குக் காது கேட்குமே, எங்களில் ஒருவர் கிடைக்கவில்லையா?” அரை மணி நேரம் அதுதான் பேச்சு. அடுத்து 'கோடா' என்ற ஆங்கிலப் படம் போடுகிறோம். அதில் நடித்த ட்ராய் காட்சர் காது கேளாதவர், அதற்காக 2022இல் ஆஸ்கர் வாங்கியவர்.