மரபுத்தொடரில் இரண்டு வகை: பகுபொருள், பகாப்பொருள்

அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கில இடியம்களை விளக்கும் அகராதிக்கு 'மரபுத்தொடர்' என்ற ஒரே சொல் போதும் என்று இந்த இழையில் பலர் சொல்லியிருக்கிறீர்கள். பொதுப்பெயராக அதுவே இருக்கட்டும். எந்தப் பொருளை எந்தச் சொல்லால் உயர்ந்தோர் சொன்னார்களோ அப்படியே சொல்வதுதான் மரபு என்கிறது நன்னூல். 'கிக் த பக்கெட்' என்றால் செத்துப்போவது. 'பக்கெட்' இருக்கும் இடத்தில் அதே பொருள்தரும் 'பெயில்' என்று போட்டால் சாவு போய் வெறும் வாளிதான் மிஞ்சும்.

ஆனால் இந்தப் பெயருக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. நன்பெர்க், சாக், வாசோ என்ற மொழியியலாளர்கள் மூவரும் 1994-இல் எழுதிய கட்டுரையில் இதைப் பிரித்துக் காட்டினார்கள். 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தை வெளியே விடுவது. பீன்ஸ்தான் ரகசியம், சிந்துவதுதான் வெளியிடுவது. பொருளைச் சொற்களுக்குப் பங்கு போட்டுவிடலாம். அதனால்தான் செயப்பாட்டு வினைக்கு மாற்றினாலும் பொருள் கெடுவதில்லை. 'கிக் த பக்கெட்'டில் வாளிக்கு என்று எந்தப் பங்கும் கிடையாது. வாளி உதைக்கப்பட்டது என்று மாற்றினால் மரபுப்பொருள் போய்விடுகிறது.

தமிழிலும் இப்படித்தான். 'குட்டை உடைத்தான்' என்றால் எதை உடைத்தான் என்று கேட்கலாம், பதில் உண்டு: ரகசியத்தை. 'கம்பி நீட்டினான்' என்பதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 'கம்பியை நீட்டினான்' என்று 'ஐ' என்ற வேற்றுமை உருபை விரித்தால் நிஜக் கம்பி வந்துவிடும். உருபை மட்டும் நம்பவும் முடியாது. 'மண்ணைக் கவ்வினான்' என்பது உருபோடுதான் வரும், ஆனாலும் தோற்றதில் மண்ணுக்குத் தனிப்பங்கு இல்லை.

இந்த இரண்டாம் வகைக்கு 'மறைபொருள் தொடர்' என்ற பரிந்துரை வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. முதல்முறை கேட்பவருக்கு பீன்ஸும் மறைபொருள்தான். பொருள் மறைந்திருப்பது வேறு, பிரியாமல் இருப்பது வேறு. 'பிரியாத் தொடர்' என்றாலோ சொற்கள் பிரியாது என்று நினைக்க வைக்கும்.

இதற்குத் தேவையான வேர் நம்மிடமே இருக்கிறது: பகுபதம் (பிரிக்கக்கூடிய சொல்), பகாப்பதம் (பிரிக்க முடியாத சொல்). பள்ளிக் கணக்கில் வரும் 'பகா எண்'ணும் அந்த வழியில் வந்ததுதான். அப்படியே பகுபொருள் மரபுத்தொடர், பகாப்பொருள் மரபுத்தொடர் என்று வைக்கலாம். பெயர் நீளம்தான், அகராதிப் பதிவுகளில் பகு., பகா. என்று சுருக்கிக்கொள்ளலாம். 'புல் ஸ்ட்ரிங்ஸ்' பகு.: கயிறு செல்வாக்கு, இழுப்பது அதைப் பயன்படுத்துவது என்று பிரித்தே விளக்கலாம். பகா. என்று கண்டால், படிப்பவர் சொல் சொல்லாகத் துழாவாமல் முழுப்பொருளையும் அப்படியே எடுத்துக்கொள்வார்.

அப்புறம், 'மூக்கை நுழைக்காதே' எந்தப் பக்கம் சேரும்? நுழைவது தலையிடுவதோடு பொருந்துகிறது, மூக்குக்குப் பங்கில்லை. நான் பகா. என்றே குறிப்பேன். பகு. என்பவர்கள் மூக்கு எதைக் குறிக்கிறது என்று எழுதுங்கள்.