பூசானில் 6 இரவு, ஆளுக்கு 45,000 ரூபாய்: கட்டுப்படியாகுமா?

பாலாற்றங்கரை (குடியாத்தம்):

அக்டோபர் நடுவில் நண்பர்கள் இருவர் கொரியா போகிறோம். சியோல் வேண்டாம், பூசான் மட்டும் போதும். விமான டிக்கெட் தனி. விசா, தங்குவது, சாப்பாடு, சுற்றுவது எல்லாம் சேர்த்து ஆளுக்கு 45,000 ரூபாய்தான் கையில். ஒருவர் சுத்த சைவம். சென்னையிலிருந்து சியோல் பக்கத்து இஞ்சோனுக்கு எடுத்தால் பூசானுக்கு எடுப்பதைவிட 5,000 ரூபாய் குறைவாகக் காட்டுகிறது. இஞ்சோனில் இறங்கி ரயிலில் போவது லாபமா? எந்த ஏரியாவில் தங்குவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல் (வேலூர்):

தம்பி, லாபம் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சியோலிலிருந்து பூசானுக்கு கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயில் 59,800 வோன். போகவர 1,19,600. இஞ்சோன் விமான நிலையத்திலிருந்து சியோல் நிலையத்துக்கு எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலில் போனாலும் இருவழிக்கும் ஏறக்குறைய 9,000 வோன். ஆயிரம் வோனுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு 7,700 ரூபாய் ஆகிவிடுகிறது. நீங்கள் மிச்சம் பிடித்த 5,000 அதிலேயே போய், மேலே 2,700 கையைக் கடிக்கும். முகுங்வா என்ற மெதுவான ரயிலில் 28,600 வோன்தான், ஆனால் ஐந்தரை மணி நேரம். வந்த அன்றும் கிளம்பும் அன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒன்றரை நாள் வீண். டிக்கெட் வித்தியாசம் 8,000 ரூபாயைத் தாண்டினால் மட்டும் இஞ்சோனை யோசியுங்கள்.

பூசானின் விமான நிலையம் கிம்ஹே. சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, நடுவில் ஓர் ஊரில் மாறியே ஆகவேண்டும். பலர் மாட்டுவது இங்கேதான். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், நடுவில் இறங்கும் ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி போடவேண்டும். அதற்குக் குடியேற்றத்தைத் தாண்டி வெளியே வரணும், அந்த நாட்டு விசா வேண்டியிருக்கும். விசா இல்லை என்றால் சென்னையிலேயே போர்டிங் பாஸ் தரமாட்டார்கள். சல்லிசு என்று பார்க்காமல், கடைசிவரை ஒரே பிஎன்ஆர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கொரிய விசா சென்னையிலேயே விண்ணப்பிக்கலாம். ஒருமுறை நுழைவுக்கு 40 டாலர் கட்டணம், ரூபாயில் கட்டலாம், சேவைக் கட்டணம் தனி. விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் யாரோ போட்ட 2 லட்சம் கணக்கில் நின்றால் சந்தேகம்தான் வரும். ஆறு மாத வங்கிக் கணக்கு நிதானமாக ஓடியிருக்கணும், வருமானவரிப் படிவத்தோடு ஒத்துப்போகணும். விசா கைக்கு வருமுன் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். கே-இடிஏ என்ற ஆன்லைன் முன் அனுமதி விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களுக்கு, நமக்கில்லை. 'ஜெஜு தீவுக்கு விசா வேண்டாம்' என்று வரும் வீடியோக்களும் உங்களுக்கு உதவாது. அந்தச் சலுகை தீவோடு சரி, அங்கிருந்து பூசானுக்கு வர முடியாது.

ரயிலடி (காட்பாடி):

தங்குவதற்கு சொம்யோன் ஏரியா. மெட்ரோவின் 1ஆம் லைனும் 2ஆம் லைனும் வெட்டிக்கொள்ளும் நிலையம் அது. கிம்ஹேயிலிருந்து லைட் ரயிலில் சாசாங், அங்கே பச்சை நிற 2ஆம் லைனில் மாறினால் சொம்யோன். அதே லைனில் நேராகப் போனால் குவாங்கல்லி, ஹேயுண்டே இரண்டு கடற்கரையும் வந்துவிடும். ஆரஞ்சு நிற 1ஆம் லைனில் ஜகல்ச்சி மீன் சந்தை, நாம்போ. டாக்ஸியே வேண்டாம்.

டார்மிட்டரி படுக்கை 20,000 முதல் 30,000 வோன். வெள்ளி, சனி இரவுகளில் ஏறும், கடலோரத்தில் இன்னும் அதிகம். அதனால் ஞாயிறு இறங்கி சனி கிளம்புவது மாதிரி டிக்கெட் போட்டால் சனி இரவு வாடகை தப்பும். குவாங்கல்லியில் பட்டாசுத் திருவிழா நடக்கும் நாள் எது என்றும் முன்கூட்டியே பாருங்கள், அன்றைக்கு ரூம் விலை பல மடங்கு. ஜிம்ஜில்பாங் என்ற பொதுக் குளியல் கூடத்தில் ஓர் இரவு படுத்து மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். எல்லாக் கூடமும் இரவு முழுக்கத் திறந்திருக்காது, நேரக் கட்டுப்பாடும் உண்டு. வெறுந்தரையில் மெல்லிய பாய். அங்கே ஆண்கள் பகுதியில் துணியில்லாமல்தான் குளிக்கணும், அதற்கு மனம் ஒப்பினால் போங்கள்.

மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் தட்டுகிற டி-மணி கார்டு எந்த மூலைக்கடையிலும் கிடைக்கும். ரீசார்ஜ் பண்ண ரொக்கம் வேணும், நம்ம ஊர் கார்டை நம்பாதீங்க. மெட்ரோ ஒரு பயணம் 1,600 வோன், 10 கிலோமீட்டருக்கு மேல் 1,800. பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்டணும். தட்டினால் அரை மணிக்குள் ஏறும் அடுத்த வண்டிக்கு முழுக் கட்டணம் பிடிக்காது, மறந்தால் பிடித்துவிடும்.

மாதனூர் சாலை (ஆம்பூர்):

சாப்பாட்டைப் பற்றி. சைவக்காரருக்குத்தான் சிக்கல். காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பிலும் நெத்திலிக் கருவாட்டுத் தண்ணீர் இருக்கும், கிம்ச்சியிலும் மீன்சாறோ இறால் உப்போ சேர்ப்பார்கள். 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும். 'இறைச்சி, மீன், முட்டை, மீன்சாறு எதுவும் கூடாது' என்று கொரிய மொழியில் எழுதி போனில் வைத்துக் காட்டுங்கள். மூலைக்கடையில் மைக்ரோவேவில் சூடாக்கும் வெறும் சோற்றுக் கிண்ணம் கிடைக்கும், சூடாக்கும் மெஷினும் அங்கேயே. இங்கிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் கொண்டுபோனால் ஒருவேளை 2,500 வோனில் முடியும். நாம்போவில் விதை வைத்த ஹோத்தோக் சாப்பிடச் சொல்லுங்கள். சர்க்கரையும் சூரியகாந்தி விதையும் வைத்துச் சுடுகிற இனிப்பு அது.

அசைவக்காரர் கவனத்துக்கு: ஊரின் பேர்போன சாப்பாடு துவேஜி குக்பாப், பன்றிக்கறிச் சூப்பில் சோறு, 10,000 வோன் பக்கம். ஹலால் பார்ப்பவர்கள் 1ஆம் லைனில் தூசில் நிலையத்தில் இறங்கினால் பள்ளிவாசல் உண்டு, அந்தப் பக்கம் கேட்டுச் சாப்பிடலாம்.

கறி ஊறுகாய், உப்புக்கண்டம், பிரியாணிப் பொட்டலம் எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். இறைச்சிப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் பெரிய அபராதம். ஆற்காடு மக்கன் பேடாவும் பால்கோவா சரக்குதான், அதையும் வீட்டிலேயே விடுங்கள்.

பாலாற்றங்கரை:

நன்றி அண்ணன்மார்களே. பூசானுக்கே டிக்கெட் போடுகிறோம். காசு எப்படிக் கொண்டுபோவது? காசு கொடுக்காமல் எதையெல்லாம் பார்க்கலாம்?

கோட்டைவாசல் (வேலூர்):

ரூபாயை அங்கே மாற்ற அலையாதீர்கள். டாலராகக் கொண்டுபோய் நாம்போவில் மாற்றுங்கள், மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு. நாளுக்கு ஆளுக்கு 65,000 வோன் ஒதுக்கினால் ஆறு நாளுக்கு 23,400 ரூபாய். விசா, இன்டர்நெட் சிம் போகவும் பணம் நிற்கும். உருண்டை இரண்டு பின் உள்ள போன் சார்ஜர் அங்கே பெரும்பாலும் பொருந்தும், லேப்டாப்பின் மூன்று பின்னுக்கு அடாப்டர் வேண்டும். நடந்துபோக கூகுள் மேப் சரிவராது, நேவர் மேப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்லதெல்லாம் அங்கே இலவசம்தான். ஹேதொங் யோங்குங்சா கடலோரக் கோயிலுக்கு ஹேயுண்டேயிலிருந்து 181 பஸ், காலை 8 மணிக்கு முன் போனால் கூட்டமில்லை. கம்சொன் மலைக் குடியிருப்புக்கு 1ஆம் லைன் தொசொங் நிலையத்தில் இறங்கி சின்ன பஸ். அங்கே ஆட்கள் வசிக்கிறார்கள், வீட்டு வாசலில் சத்தம் வேண்டாம். தேயொன் நிலையத்துப் பக்கம் ஐ.நா. நினைவு இடுகாடு. கொரியப் போரில் நம் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் படை 1950 நவம்பரில் வந்திறங்கியது பூசான் துறைமுகத்தில்தான். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி.ரங்கராஜ் தலைமை. அரை மணி அங்கே ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை ஊரில் இருந்தால் குவாங்கல்லியில் இரவு டிரோன் காட்சியும் இலவசம். பகலில் ஓர்யுக்தோவில் தொடங்கி இகிதே வரை கடலோரப் பாறைப் பாதையில் நடங்கள். 27 அல்லது 131 பஸ். 4.7 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறி இறங்கும் படிகள் அதிகம், இரண்டரை மணி பிடிக்கும். தண்ணீரை முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் கடை எதிர்பார்க்க முடியாது. முடிகிற இடத்தில் குவாங்கான் பாலம் முழுசாகத் தெரியும். காற்றோ மழையோ அடித்தால் ஓர்யுக்தோ கண்ணாடிப் பாலத்தை மூடிவிடுவார்கள், அப்படியான நாளில் ஜகல்ச்சியை மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.