எஸ்.டி.பி.எம், மூயெட் படபடப்பு: பிள்ளைகள் எங்கே நேரத்தை விடுகிறார்கள்?

பிரிக்பீல்ட்ஸ், மூயெட் டியூஷன் டீச்சர்:
மலேசியாவில் எஸ்.டி.பி.எம் ஆறாம் படிவச் சோதனை, மூயெட் பல்கலைக்கழகம் போக எழுதும் ஆங்கிலச் சோதனை. மூயெட் வாசிப்புத் தாளில் 75 நிமிடத்துக்கு 40 கேள்வி. பத்தி படிப்பதையும் சேர்த்தால் ஒரு கேள்விக்கு 2 நிமிடம்கூடத் தேறாது. கடிகாரம் வைக்காமல் பழகும் பிள்ளைக்கு இது உறைப்பதே இல்லை. சோதனை மண்டபத்தில் கடைசி 15 நிமிடத்தில் இன்னும் இரண்டு பகுதி பாக்கி கிடக்கும். அங்கேதான் கை வேர்க்கிறது, படித்த வரியையே கண் திரும்பப் படிக்கிறது. பாடம் தெரியாததால் வரும் பயம் இல்லை இது.

எழுத்துத் தாளும் 75 நிமிடம்தான். மின்னஞ்சல் குறைந்தது 100 சொல், கட்டுரை 250. மின்னஞ்சலை மெருகேற்றி 180 வரை இழுக்கும் கெட்டிக்காரர்கள்தான் கட்டுரையை முடிவுரை இல்லாமல் கொடுக்கிறார்கள். 25ஆவது நிமிடத்தில் மின்னஞ்சலை மூடிவிட வேண்டும். மிச்ச 50 நிமிடத்தில் குறிப்புக்கு 8, எழுத 35, பிழை பார்க்க 7. வாரம் ஒரு தாளை ஒரே மூச்சில் எழுதினால் போதும், தினமும் வேண்டாம்.

பாயான் லெப்பாஸ், ஆறாம் படிவ ஆசிரியர்:
டீச்சர் சொல்வது மண்டபத்துக்குச் சரி. வீட்டில் கெடுப்பது அந்தக் கலர் கலரான அட்டவணை. பள்ளி விட்டு, தொழிற்பேட்டை ஜாமில் ஊர்ந்து, குளித்துச் சாப்பிட்டு உட்காரவே மணி ஐந்தாகிவிடும். இதில் எட்டு மணி நேரம் படிப்பதாகப் போட்ட அட்டவணை புதன்கிழமையே படுத்துவிடும். முதல் வாரம் அட்டவணையே போடாமல், உண்மையில் உட்கார்ந்த நேரத்தை மட்டும் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வராது. அதை 50 நிமிடத் துண்டுகளாக்குங்கள். ஞாயிறு பிற்பகல் காலியாக இருக்கட்டும், தவறிய துண்டுகள் அங்கே போகும்.

எஸ்.டி.பி.எம்மில் 'பெங்காஜியான் ஆம்' என்ற பொதுப் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். பிஎன்ஜிகே (மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) கணக்கில் அதுவும் ஒரு பாடம்தான். பயத்தில் பள்ளிக் கழகத்தை விட்டு விலகுவதும் வேண்டாம். அரசுப் பல்கலைக்கழக இடத்துக்கான யூபியூ மெரிட்டில் 10 விழுக்காடு புறப்பாடம்.

செந்தூல், ஆலோசகர்:
இரவு பத்து மணி நெஸ்கஃபேயை யாரும் சொல்லவில்லையே! கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நெஞ்சு படபடப்பதும் அதனால் இருக்கலாம். பிள்ளை அதைச் சோதனைப் பயம் என்று எண்ணிக்கொள்கிறது. மாலை நான்கோடு நிறுத்துங்கள், தே தாரிக்கும் சேர்த்து.

நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது நல்ல பழக்கம். அதை மண்டபத்தில் முதன்முறையாகச் செய்தால் எண்ணிக்கையே பதற்றமாகும். டீச்சர் சொன்ன வாரத் தாளுக்கு முன் ஐந்து முறை செய்து பழகட்டும். இரண்டு வாரமாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் மூச்சுப் பயிற்சியை நம்பி இருக்காதீர்கள்: பள்ளி ஆலோசக ஆசிரியர், கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்), நள்ளிரவென்றால் மனத்துயர் கேட்கும் பெஃப்ரெண்டர்ஸ் தொலைபேசி 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.