40 பாகைச் சரிவில் பைப்பும் கெட்டித் தண்டும் ஒன்றாக இறங்குகின்றன, ஏன்?

செந்தூல் மாணவி:
வணக்கம். ஆறாம் படிவ இயற்பியல் செய்முறை. 1.2 மீட்டர் மெலமைன் பலகையில் 6 செ.மீ. விட்டமுள்ள பிவிசி பைப்பையும் (சுவர் 3 மி.மீ.) அதே விட்டத்தில் கெட்டி பிவிசி தண்டையும் உருட்டி, நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். 10 பாகையில் தண்டு 1.45 நொடி, கணக்கும் அதேதான். பைப் 1.64, கணக்குப்படி 1.68. 40 பாகையில் தண்டு 0.76, பைப் 0.77! பைப்புக்குச் சூத்திரம் 0.87 தருகிறது. எங்கே தவறு?

பங்சார் ஆசிரியர்:
அளவில் தவறில்லை, தங்கச்சி. 40 பாகையில் பைப் சறுக்கிக்கொண்டே உருள்கிறது. உங்கள் சூத்திரம் வழுக்காமல் உருளும்போது மட்டும்தான் செல்லும்.

உருளையைச் சுழற்றிவிடுவது உராய்வு ஒன்றுதான். எடை விளிம்பில் இருக்கும் வளையத்தைச் சுழற்ற அதிக உராய்வு வேண்டும்: உராய்வுக் குணகம் குறைந்தபட்சம் சரிவுக் கோணத்தின் டான் மதிப்பில் பாதி இருக்க வேண்டும். கெட்டித் தண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். 40 பாகையில் அது 0.42, 0.28. பிவிசிக்கும் மெலமைனுக்கும் இடையில் 0.3 என்று வையுங்கள். தண்டு மயிரிழையில் தப்பியது, பைப் மாட்டிக்கொண்டது. சறுக்கும் பைப்பின் முடுக்கம் 4.05 மீ/நொடி², உருளும் தண்டுக்கு 4.2. அதனால்தான் நேரம் ஒட்டி வருகிறது.

0.3ஐ நீங்களே அளக்கலாம். இரண்டு பைப் துண்டுகளைச் சேர்த்து டேப் ஒட்டினால் உருளாது. லேசாகத் தட்டியதும் ஒரே வேகத்தில் இறங்கும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். அதன் டான் மதிப்புதான் குணகம். 17 பாகைக்குப் பக்கத்தில் வரவேண்டும்.

பைப்பின் வாயில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுச் சுற்றுகளையும் எண்ணுங்கள். வழுக்காவிட்டால் 1.2 மீட்டருக்கு 6.4 சுற்று. இங்கே நாலுகூட வராது.

கெப்போங் பட்டறை:
10 பாகையில் வந்த 0.04 நொடி வேறு காரணம். பைப் மெல்லிய வளையம் அல்ல. வெளி ஆரம் 30, உள் ஆரம் 27 மி.மீ. என்றால் நிலைமத் திருப்புத்திறன் (சுழலவிடாமல் தடுக்கும் தன்மை) சூத்திரத்தில் வரும் எண் 1 இல்லை, 0.905. அதைப் போட்டால் சரியாக 1.64 வரும். 40 பாகையில் தேவையான குணகமும் 0.40ஆகக் குறையும்; அப்போதும் 0.3 பத்தாது.

செந்தூல் மாணவி:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. உருள்வதற்கு எப்போதுமே உராய்வு வேண்டுமா?

பங்சார் ஆசிரியர்:
சமதளத்தில் சீரான வேகத்தில் உருள, வேண்டாம். வேகம் மாறும்போதுதான் தேவை. கோலாலம்பூரின் கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி ரயிலைத் தள்ளுவது நேரியல் மோட்டார். விசை தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள தகட்டின் வழியே கிடைக்கிறது. சக்கரம் தள்ளுவதில்லை, சுமக்க மட்டும் செய்கிறது. அதற்கு வேண்டிய உராய்வு, சக்கரத்தைச் சுழற்றும் அளவுதான்.

கெப்போங் பட்டறை:
பலகை முழுக்க மணல்தாள் ஒட்டி 40 பாகையில் மறுபடி விடுங்கள். விளிம்பு மேலெழாமல் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பைப் துள்ளும். 0.85 வரவேண்டும். பிறகு வெறும் மெலமைனில் 45 பாகை: தண்டும் சறுக்கத் தொடங்கும், இரண்டுக்கும் ஒரே நேரம்.