கர்நாடகத் தேர்தல்: மூணு கட்சியையும் எப்படி எடை போடுறது?

அல்சூர்வாசி:
வாட்ஸப்ல வர்றதை வச்சு முடிவெடுக்கப் பிடிக்கல. காங்கிரஸ், பா.ஜ.க., ம.ஜ.த. (மதச்சார்பற்ற ஜனதா தளம்) மூணையும் ஒப்பிட எதைப் பார்க்கணும்? பெங்களூருல இருந்தாலும் ஓட்டு இன்னும் சேலத்துலதான் இருக்கு.

கோலார்க்காரர்:
முதல்ல ஓட்டை மாத்துங்க. முகவரி மாத்த படிவம் 8, ஆன்லைன்லயே போடலாம். படிவம் 6 புது வாக்காளருக்கு. அதைப் போட்டா ரெண்டு ஊர்லயும் பேர் இருக்கும், சட்டப்படி அது கூடாது. கடைசி நேரத்துல போட்டா சரிபார்ப்பு முடியாது.

சிவாஜிநகர் அக்கா:
காங்கிரஸ் உத்தரவாதங்களை விதியோட படிங்க. கிருஹ ஜோதி (இலவச மின்சாரத் திட்டம்) '200 யூனிட் இலவசம்'னு சொன்னாலும், உங்க 2022-23 மாதச் சராசரியோட 10% கூட்டித்தான் இலவசம் (சராசரி 48 யூனிட்டுக்குள்ள இருந்தா 10%க்கு பதிலா 10 யூனிட்). அதுக்கு மேல, 200 வரைக்கும் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் காசு. 200 தாண்டினா முழு பில்லும் கட்டணும். வாடகைக்கு இருக்கறவங்களும் பதியலாம். பெண்களுக்கான சக்தி இலவசப் பஸ்ஸுக்கு கர்நாடக முகவரி அடையாள அட்டை வேணும். தமிழ்நாட்டு முகவரி அட்டையோட இருக்கற நம்மாளுங்க பலர் மாட்டுறது இங்கதான். எதிர்க்கட்சி வாக்குறுதியிலும் இதே மாதிரி 'யாருக்கு, எவ்வளவு வரை'ன்னு தேடுங்க.

கோலார்க்காரர்:
மூணு கட்சின்னு எண்ணாதீங்க அண்ணா. ம.ஜ.த. 2018-ல 37 இடத்தை வச்சே காங்கிரஸ் ஆதரவுல முதல்வர் நாற்காலியைப் பிடிச்சது. 2023-ல 19தான், அந்த வருஷமே பா.ஜ.க.வோட கூட்டணி. ஆட்சி அமைக்க 224-ல 113 இடம் வேணும்.

வேட்பாளரோட படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்துல கிடைக்கும். சொத்து, கடன், வழக்கு, அஞ்சு வருஷ வருமானம் எல்லாம் அதுல இருக்கும். போன தேர்தல் பத்திரத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.