பழைய வெளிநாட்டு நோட்டுகளுக்கு இப்போது மதிப்பு உண்டா?

கேள்வி:

கப்பலில் வேலை பார்த்த என் தந்தையார் காலமான பிறகு, அவருடைய நாட்குறிப்பின் அட்டைக்குள் ஐந்து வெளிநாட்டு நோட்டுகள் இருப்பதைக் கண்டேன். முன்புறம் ஒரு பெண்ணின் முகமும் பின்புறம் பியானோவும் உள்ள ஜெர்மனியின் 100 மார்க், டார்வின் படம் போட்ட இங்கிலாந்தின் 10 பவுண்டு, இத்தாலியின் 1000 லிரா, 21 ஏப்ரல் 1910 என்று தேதியிட்ட இன்னொரு ஜெர்மன் 1000 மார்க், வாழைமரம் அச்சிட்ட 10 டாலர் ஆகியவையே அவை. நாணய மாற்றுக் கடையில் ஐந்தையும் வாங்க மறுத்துவிட்டார்கள். ஆனால் இணைய விற்பனைத் தளம் ஒன்றில் அந்த 1910ஆம் ஆண்டு நோட்டுக்கு மலைக்க வைக்கும் விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில் 1:

தங்கள் தந்தையாரின் மறைவுக்கு என் அனுதாபங்கள். நாணய மாற்றுக் கடைக்காரர் புழக்கத்தில் உள்ள நோட்டை மட்டுமே வாங்குவார் என்பதால், அவர் மறுத்ததைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம். வெளியிட்ட மத்திய வங்கி இன்னும் மாற்றித் தருகிறதா என்பதை முதலில் பாருங்கள். அது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

பியானோ நோட்டில் இருப்பவர் இசைக்கலைஞர் கிளாரா ஷூமன். ஜெர்மன் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க், 1.95583 மார்க்குக்கு 1 ஈரோ என்ற நிலையான விகிதத்தில், காலக்கெடு எதுவும் இன்றி இன்றும் மாற்றித் தருகிறது. அந்தக் கணக்கில் உங்களுக்கு 51.13 ஈரோ கிடைக்கும். டார்வின் நோட்டு 2018 மார்ச் 1 அன்று புழக்கத்திலிருந்து நீங்கிவிட்டாலும், பேங்க் ஆஃப் இங்கிலாந்து தான் வெளியிட்ட எந்தப் பழைய நோட்டையும் எப்போது கொடுத்தாலும் மாற்றித் தரும். இரண்டு வங்கிகளும் தபாலில் ஏற்றுக்கொள்கின்றன. அவற்றின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பி உடன் வைக்க வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது.

லிராவுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 2012 பிப்ரவரி வரை அவகாசம் என்று அறிவித்திருந்த இத்தாலி அரசு, அதை முன்கூட்டியே 2011 டிசம்பர் 6 அன்று முடித்துக்கொண்டது. வைத்திருந்தவர்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்றே அதை நான் இன்றும் கருதுகிறேன்.

பதில் 2:

மேலே சொன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். வங்கி வாங்காத நோட்டைச் சேகரிப்பாளர் வாங்கக்கூடும், ஆனால் நோட்டின் வயதைப் பார்த்து அவர் விலை சொல்வதில்லை. எத்தனை நோட்டுகள் எஞ்சியிருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்றுதான் பார்க்கிறார். உங்கள் 1910 நோட்டே அதற்கு நல்ல உதாரணம். அந்தத் தேதியை மாற்றாமலேயே முதல் உலகப் போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் அச்சடித்துத் தள்ளினார்கள். முத்திரை பச்சை நிறத்தில் இருந்தால் அது பிந்தைய அச்சு, சிவப்பாக இருந்தாலும் அபூர்வம் ஆகிவிடாது. 1923இல் பணவீக்கம் தறிகெட்டுப்போய், 1 லட்சம் கோடி பழைய மார்க்குக்குப் புதிய நாணயமான ரென்டன்மார்க் 1 என்று கணக்குத் தீர்த்தபோது, செலவழிக்க வழியில்லாத கட்டுக்கட்டான நோட்டுகள் வீடுகளிலேயே தங்கிவிட்டன. அதனால்தான் நூறு வயதைத் தாண்டியும் அது மலிவாகவே கிடைக்கிறது.

இணையத்தில் நீங்கள் பார்த்தது விற்பவர் கேட்கும் விலை. அதை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். அதே தளத்தில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டிப் பாருங்கள், உண்மை நிலவரம் தெரிந்துவிடும். தேடும்போது பிக் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலக நோட்டுகளை வகைப்படுத்த ஆல்பர்ட் பிக் என்ற ஜெர்மானியர் தொடங்கிய பட்டியல் எண் அது, ஒரே போலத் தோன்றும் இரண்டு வெளியீடுகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க அதுவே துணை.

வாழைமர நோட்டு, இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர்கள் வெளியிட்டது. போர் முடிந்ததும் அது செல்லாக்காசாகிவிட்டது. அதில் எம் என்ற எழுத்தையும் இன்னோர் எழுத்தையும் தவிர வரிசை எண் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பதில் 3:

ஒரே ஒரு எச்சரிக்கை. எடுத்த எடுப்பில் அவற்றைச் சுத்தம் செய்ய முனையாதீர்கள். மடிப்பு விழுந்திருந்த ஒரு நோட்டை நான் ஈரத்துணி போர்த்தி இஸ்திரி போட்டு, பெருமையோடு வியாபாரியிடம் கொண்டுபோனேன். அவர் அதை விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்து, அச்சின் மேடு நசுங்கித் தாள் பளபளத்துப் போனதைக் காட்டிவிட்டு, மடிப்போடு கொண்டுவந்திருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பேன் என்றார். கிழிசல் இருந்தாலும் ஒட்டும் நாடா போடக் கூடாது. பிவிசி உறை நாளடைவில் தாளைக் கெடுக்கும், பாலியெஸ்டர் உறையே பாதுகாப்பானது.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. 1910 நோட்டின் முத்திரை பச்சைதான். வாழைமர நோட்டில் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன, எண் இல்லை. மார்க்கையும் பவுண்டையும் அனுப்பப் படிவங்களை எடுத்துவிட்டேன்.

பதில் 2 எழுதியவர்:

எண் இருந்திருந்தால் அது தொடக்கக் கால அச்சு, அதைத் தேடுபவர்கள் உண்டு. எழுத்து மட்டும் உள்ளது ஏராளமாகக் கிடைப்பது. லிராவும் சொற்ப விலைக்கே போகும், ஆகவே அந்த மூன்றையும் விற்க அலைய வேண்டாம். நாட்குறிப்பிலேயே இருக்கட்டும்.